கங்கைகொண்டானில் கேட்ட கேள்விகள்

ஐயா, வணக்கம். ஆலங்குளம் பக்கம் எனக்குச் சொந்த ஊர். எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போகிறேன். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். இத்தனை வருஷத்தில் உங்களுக்குச் சலிப்பே வரவில்லையா? நம்ம ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு ஆராய என்ன இருக்கிறது?

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்து, லீவில் கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்று திருநெல்வேலிக்குப் பக்கத்திலுள்ள நம்ம கங்கைகொண்டான். 1918இல் அது புத்தகமாக வந்தது. சுமார் இருபது வருஷம் கழித்து பொருளாதார அறிஞர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களின் மறு ஆய்வை நடத்தினார்கள். அப்புறமும் ஆட்கள் வந்தார்கள். இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஓர் ஊரின் மாற்றத்தை இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பின்னோக்கிப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். அது மதுரை போகிற ரோட்டிலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது!

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஆலங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள்?" என்று வாசலில் நின்று கேட்டால், "அவங்க மட்டும்தான், நான் சும்மாதான் இருக்கேன்" என்பார் அந்த அம்மா. மடியில் தட்டு இருக்கும், கை பீடி சுற்றிக்கொண்டே இருக்கும். "நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இலை நனைத்தது, வெட்டியது, சுற்றியது, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் வரிசையாக வரும். அரசாங்கமே இப்படி நேரத்தைக் கேட்டுக் கணக்கெடுக்க ரொம்ப நாளானது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. நாடு முழுவதும் நடந்தது 2019இல்தான். கேள்வியை மாற்றியதும், கணக்கிலேயே இல்லாத ஒருவரின் உழைப்பு தாளில் ஏறுகிறது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றும் குறையவில்லை.

பேங்க் பரீட்சையையும் எழுதுங்கள். பெற்றோரின் பயம் நியாயமானது; பிஎச்.டி. முடிக்க வருஷங்கள் ஆகும், கையில் காசு இருக்காது. கூடவே கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் நெட் பரீட்சைக்கும் படியுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் அந்த உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதாமாதம் பணம் வரும், வீட்டுக்கும் தைரியம் வரும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த லீவில் உங்கள் தெருவில் பத்து வீடுகளில் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.