சின்ன கைட் பக்கியிலிருந்து பெரியதற்கு மாறினால் திரும்பவும் பழக வேண்டியிருக்குமா?

கேட்டிருப்பது இதுதான்: இரண்டு சீசன் சின்ன வண்டி ஓட்டியாகிவிட்டது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஏறவும் வருகிறது. இப்போது அகலமும் கனமும் கூடிய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கினால் இதுவரை பழகியது கைகொடுக்குமா?

கொடுக்கும், பாதி. பட்டத்தைப் பிடிக்கும் கைக்குப் புதிதாக எதுவும் இல்லை. காலும் இடுப்பும்தான் முதலிலிருந்து பழக வேண்டும். நான் போன வருடம்தான் மாறினேன். நடுவில் ஒரு தடவை வண்டியை விட்டுப் பறந்து விழுந்தும் பார்த்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கைட் பக்கி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மூன்று சக்கரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துணி இருக்கை, எஞ்சின் கிடையாது, பிரேக்கும் கிடையாது. இரண்டு கையிலும் ஒரு பெரிய துணிப்பட்டத்தின் கைப்பிடிகள், முன்சக்கரத்தைத் திருப்புவது கால். இன்று நாம் ஓட்டும் வடிவத்தை 1990 வாக்கில் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின். ஆனால் பட்டம் இழுக்கும் வண்டி அதற்கும் வெகு முந்தையது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர் 1826-லேயே பட்டம் கட்டிய வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் சாலைச் சுங்கம் குதிரைக் கணக்கில்தான். குதிரையே இல்லாத வண்டிக்கு என்ன கேட்பது? இலவசமாக விட்டார்களாம். பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் போனில் "புதுசா ஒரு பக்கி வாங்கியிருக்கேன்" என்றதும், "யாருடா அந்தப் பக்கி?" என்று கேட்டாள். அதற்கப்புறம் வீட்டில் 'வண்டி' என்றே சொல்கிறேன்.

நான் இருப்பது ஹாம்பர்க். ஓட்டுவது டென்மார்க்கின் ரோமோ தீவில், தெற்கே உள்ள சோண்டர்ஸ்ட்ரான்ட் கடற்கரையில். நிலத்திலிருந்து தீவுக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குக் கடலுக்குள் போட்ட கரைச்சாலை உண்டு. அதில் போய் இறங்கினால் காரோடு மணலுக்குள்ளேயே போய்விடலாம். அலை வற்றிய நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இறுகிய மணல்தான்.

என் முதல் வண்டி 23 கிலோ. கட்டடக்காரர்கள் மணல் அள்ளும் ஒற்றைச் சக்கரக் கைவண்டியின் டயர்தான் மூன்றிலும். பின் அச்சு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நான் 183 செ.மீ., அதனால் முட்டி மடங்கி நெஞ்சுக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் முதுகு கழன்றுவிடும். மாறியதற்கு உண்மையான காரணம் இதுதான், வேகம் இல்லை. புதியது (எனக்குப் புதியது, மூன்றாவது கை) 48 கிலோ, பின் அச்சு 140 செ.மீ., ஆழமான இருக்கை, பின்னால் அகல டயர்.

முதல் நாள் வண்டி கிளம்பவே இல்லை. சின்ன வண்டியில் பட்டத்தைத் தலைக்கு மேலிருந்து லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் போதும், உருள ஆரம்பித்துவிடும். இதில் அப்படிச் செய்தபோது நான்தான் இருக்கையில் முன்னால் சரிந்தேன், சக்கரம் அசையவில்லை. கூட இருந்த ஒரு ஜெர்மன் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். முன்சக்கரத்தைக் காற்று போகும் திசைப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டத்தைத் தயங்காமல் ஒரு முறை கீழ்நோக்கிப் பாய விட வேண்டும். நாலைந்து மீட்டர் உருண்டதும் பட்டத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய், வண்டியைப் போக வேண்டிய திசைக்கு மெல்லத் திருப்ப வேண்டும். நேராக நிறுத்தி வைத்தே இழுக்கப் பார்த்தால் இழுப்பில் பாதி பக்கவாட்டில் வீணாகும். அரை மணி நேரத்தில் இது வந்துவிட்டது.

அப்புறம்தான் பிரச்சினையே. ஓடத் தொடங்கியதும் பெரிய வண்டி அவ்வளவு சாதுவாக இருந்தது. மணலில் அலை போட்ட வரிகள் மேல் சின்ன வண்டி தடதடவென்று பல்லை ஆட்டும், இது மிதந்து போயிற்று. பின்சக்கரம் தூக்கவில்லை, வழுக்கவில்லை. சொகுசுக் கார் போல இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

சின்ன வண்டி ஒரு வாயாடி. காற்று கொஞ்சம் கூடினாலே பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு சக்கரம் எழும்பும், சட்டம் கிறீச்சிடும். அந்த வழுக்கல் எச்சரிக்கையாக மட்டும் இருக்கவில்லை, பட்டத்தின் கூடுதல் இழுப்பை மணலில் கரைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. இரண்டு சீசனில் எனக்கே தெரியாமல் காற்றை என் பின்பக்கத்தால் அளக்கப் பழகியிருந்தேன். பெரிய வண்டி எதுவும் சொல்லாது. அகல அச்சும் கனமும் டயரின் பிடியும் சேர்ந்து எல்லா இழுப்பையும் தாங்கிக்கொண்டே போகும். எல்லை வந்துவிட்டது என்பது எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரியும்.

மூன்றாம் நாள் காற்று விநாடிக்கு 8 மீட்டர், நடுநடுவே 11 வரை வீச்சு. எட்டுக்கும் பதினொன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 64 எங்கே, 121 எங்கே! ஒரே பட்டம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுப்பு. பழக்கதோஷத்தில் சின்ன வண்டிக்கு அந்தக் காற்றில் போடும் அதே 5 சதுர மீட்டர் பட்டத்தையே போட்டிருந்தேன். பட்டத்தைத் தரையையொட்டி வைக்காமல் சோம்பலாகப் பாதி உயரத்தில் நிறுத்தியிருந்தேன். வீச்சு வந்தது. பழைய வண்டியாக இருந்தால் மொத்தமும் பக்கவாட்டில் ஒரு மீட்டர் வழுக்கியிருக்கும், நானும் சிரித்திருப்பேன். இந்த வண்டி அசையாமல் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. அசைந்தது நான் மட்டும்தான். இருக்கையை விட்டுப் பக்கவாட்டில் மேலே போய், இடது தோளில் விழுந்தேன். கைப்பிடிகளை விட்டதும் மணிக்கட்டுப் பட்டை பிரேக் நூலை (வண்டிக்கு இல்லை, பட்டத்தின் பின்விளிம்பை இழுத்து அதன் இழுப்பைக் குறைக்கும் நூல்) இழுத்துப் பட்டத்தைச் சாகடித்தது. வண்டி என்னை டீலில் விட்டுவிட்டுத் தனியாக இருபது மீட்டர் போய் நின்றது. கைக்கடிகார ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் விழுவதற்கு முன் மணிக்கு 52 கிலோமீட்டர். முப்பத்தைந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலேயர்கள் இதற்கு 'ஓ.பி.இ.' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'வண்டிக்கு வெளியே கிடைத்த அனுபவம்' என்பதன் சுருக்கம். அவர்கள் அரசு கொடுக்கும் ஒரு கௌரவ விருதும் அதே மூன்று எழுத்து என்பதால் வாங்கியவரைக் கைகுலுக்கி வாழ்த்துவார்கள். எனக்குத் தோள் மூன்று வாரம் வலித்தது. அதுகூடப் பரவாயில்லை. விழுந்தவன் மேல் பின் அச்சு ஏறினால் 23 கிலோவும் 48 கிலோவும் ஒன்றில்லை. ஹெல்மெட் இல்லாமல் இதில் ஏறவே ஏறாதீர்கள்.

இன்னொரு விஷயமும் அன்று சேர்ந்துகொண்டது. காற்றே இல்லாத நாளில் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்று அடிக்கும் இல்லையா? பட்டத்துக்கும் அதே கதைதான். அது உணர்வது நிஜக் காற்றை மட்டும் இல்லை, வண்டியின் ஓட்டம் உண்டாக்கும் காற்றையும் சேர்த்து. பெரிய வண்டி வழுக்காமல், மணலில் விசையை வீணாக்காமல் ஓடுவதால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் பட்டத்துக்குக் கிடைக்கும் காற்று கூடும், அதனால் இழுப்பும் கூடும். அமெரிக்காவின் இவான்பா வறண்ட ஏரியில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறார்கள் என்றால் அடிப்படை இதுதான், காற்றை விடக் கூடுதல் வேகம். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதே பட்டம் பெரிய வண்டியில் ஒரு அளவு பெரிய பட்டம் மாதிரி நடந்துகொள்ளும் என்பது. வண்டியைப் பெரிதாக்கினால் முதல் பத்து நாளாவது பட்டத்தை ஒரு அளவு சின்னதாக்குங்கள். கடையில் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள், கனமான வண்டி கனமான பட்டத்தைத் தாங்கும் என்று. வண்டி தாங்கும்தான். விழுந்தபின் நான் 3.5 சதுர மீட்டர் பட்டத்துக்கு இறங்கினேன். அதில்தான் நிஜமாக ஓட்டவே கற்றேன்.

திருப்பம். எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். சின்ன வண்டி இருந்த இடத்திலேயே சுழலும், காற்று போகும் பக்கமாகத் திரும்பி நாலு மீட்டருக்குள் வந்த வழியே போகலாம். பெரியதற்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும். அந்த நேரம் முழுக்க வண்டி பட்டத்தை நோக்கியே ஓடுகிறது. நூல் தொய்கிறது, பட்டம் காற்றிழந்து துணி மாதிரி சுருங்குகிறது, வண்டி திரும்பி முடித்ததும் படாரென்று விரிந்து ஒரு வெட்டு வெட்டுகிறது. என் முதல் இருபது திருப்பமும் இப்படித்தான். மூன்று விஷயம் மாற்ற வேண்டியிருந்தது. திரும்பும் முன் காற்றுப் பக்கம் கொஞ்சம் ஏறி வேகத்தைக் கொல்வது. பட்டத்தை வண்டிக்கு முன்பே, பழைய கணக்கை விட ஒரு முழு மூச்சு முன்பே, மேலே அனுப்பி மறுபக்கம் திருப்பத் தொடங்குவது. நடுத்திருப்பத்தில் பட்டத்தை நிற்க விடாமல் நகர்த்திக்கொண்டே இருப்பது. பட்டம் முன்னால் போக வேண்டும், வண்டி அதன் பின்னால் வர வேண்டும். சின்னதில் இரண்டையும் ஒன்றாகச் செய்தாலும் மன்னித்துவிடும்.

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது காலால் தள்ளினால் வண்டி இடது பக்கம் திரும்பும் என்பது உங்களுக்குப் பழகியிருக்கும். பெரியதில் தள்ள வேண்டிய பலம் கூடுதல், அத்தோடு ஈர மணலில் அகலமான முன் டயர் பேச்சைக் கேட்காது. நீங்கள் திருப்பியிருப்பீர்கள், அது நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஆழமான இருக்கையில் சாய்ந்து கிடந்தால் முன்சக்கரத்தில் எடையே இல்லாமல் போவதுதான் காரணம். திருப்பத்தில் உடம்பை முன்னால் கொண்டுவாருங்கள். நான் கடைசியில் முன்னால் மட்டும் பழைய கைவண்டி டயரையே மாட்டிக்கொண்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மணலைக் கத்தி போல் பிடிக்கிறது. இறுகிய மணல் உள்ள கடற்கரையில் மூன்றுமே அகல டயர் என்பது பெரும்பாலும் படம் எடுக்கத்தான் என்பது என் கருத்து. கால் புதையும் இளகிய மணல் என்றால் கதை வேறு.

நிறுத்துவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. சின்ன வண்டியில் பயந்தால் பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவோம், வண்டி நின்றுவிடும். ஐம்பதில் போகும்போது அதைச் செய்தால் பட்டம் உங்களையும் தூக்கும். பட்டத்தைத் தாழ்வாக ஓரத்திலேயே வைத்து, பிரேக் நூலை இழுத்தபடி, காற்றை நோக்கி அகலமாக வளையுங்கள். நிற்க எடுக்கும் தூரம் பழையதைப் போல இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு நடப்பவர்கள், மணலில் நிறுத்திய கார்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

மற்றபடி சில்லறைத் தொல்லைகள். கழற்றினால்தான் காரில் ஏறும், எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. உப்பு பேரிங்கைத் தின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், ஆனால் பேரிங் மேல் நேராகப் பீய்ச்சாமல். பழைய வண்டி வாங்கினால் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கம்பி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கம்பி என்றால் பெரும்பாலும் வளைந்திருக்கும். பணம் கொடுக்கும் முன் இருக்கையில் உட்கார்ந்து காலை மிதியில் வையுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், கால் நீட்டிப்போய்விட்டால் திருப்பப் பலம் வராது. இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடம் இருந்தால் அது உங்கள் வண்டி இல்லை. என் இருக்கை அப்படித்தான் இருந்தது. தோள் ஆறியதும் இரண்டு பக்கமும் பழைய யோகா விரிப்பை வெட்டித் தைத்து வைத்தேன். அதற்கப்புறம் இருக்கை என்னை விட்டதில்லை.

சின்ன வண்டியை விற்கவில்லை. காற்று குறைந்த நாளிலும், அலை ஏறி மணல் ஒடுங்கிவிட்ட நேரத்திலும் அதை எடுக்கிறேன். ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் பின்பக்கம் வழுக்கிக் கத்தத் தொடங்கிவிடும். முதுகுதான் இன்னும் சம்மதிக்கவில்லை.