சோற்றைக் கைவிட்டவன் அன்னதானத்தில் சோறு பரிமாறுவது பாசாங்கா?

மாவுச்சத்தைக் குறைத்து எடை இறங்கிய நீங்கள் ஞாயிறுதோறும் அன்னதானக் குழுவில் தொண்டூழியர். எனக்கு ஆகாது என்று ஒதுக்கியதைப் பிறருக்கு அள்ளி வைக்கலாமா, பொட்டலத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாசாங்கு ஒன்றும் இல்லை. குறைப்பது பற்றித்தான் பேச வேண்டும், அதைச் செய்து சூடுபட்டவன் நான்.

இங்கே சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்தில் எனக்கு நீரிழிவு என்று சொன்னபோது வயது 46. அன்றோடு சோறு, பரோட்டா எல்லாம் நிறுத்தம். முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியது. உடம்பு சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒரு கிராம் கரைந்தால் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் கூடவே போகும். நான் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். தேக்கா உணவங்காடியில் எதிர்மேசைக்காரர் பிரியாணியைப் பிசையும்போது அவருக்கும் சேர்த்து மனத்துக்குள் கணக்குப் போட்டவன் நான்.

அந்த வேகத்தில் எங்கள் குழுவின் சமையலிலும் கை வைத்தேன். சோறு பாதி, முட்டைக்கோஸ் பொரியல் இரு மடங்கு. அன்றைய பொட்டலங்கள் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிக்குப் போயின. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சோறு மட்டும் தனியாக இருக்கிறதா?" என்று கேட்டார். குரலில் குறையே இல்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

அவருக்குக் கம்பி கட்டும் வேலை, நாள் முழுக்க வெயிலில். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி இருக்கிறது, முட்டைக்கோஸில் 25தான். மேலும், அங்கே பலருக்கு ஒப்பந்தச் சாப்பாடு இரவே சமைக்கப்பட்டு விடியுமுன் கைக்கு வந்துவிடும். நண்பகலில் பிரித்தால் சில நாள் வாடையடிக்கும். ஆறு நாள் அப்படிச் சாப்பிட்டவர் ஞாயிற்றுக்கிழமை ஆவி பறக்கும் சோற்றுக்காகக் காத்திருந்தார். நான் கோஸை வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் பொட்டலம் வாங்கும் ஓரறை வாடகை வீட்டு முதியவர்கள் கதை வேறு. அவர்களில் நீரிழிவுக்காரர்கள் நிறையப் பேர், அங்கே குறைக்கலாமே என்று தோன்றும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அது மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது, கரண்டி பிடிப்பவன் தீர்மானிப்பது அல்ல. இன்னொன்று எனக்கு வெகுநாள் தெரியாமல் இருந்தது: எங்கள் மதியப் பொட்டலத்தைப் பாதி பிரித்து இராத்திரிக்கு எடுத்து வைக்கும் பாட்டி ஒருவர் இருந்தார். நான் குறைத்தது அவருடைய இரவுச் சாப்பாட்டை.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில்கூடக் கால்பகுதி முழுத்தானியத்துக்கு உண்டு. ஸ்டான்ஃபர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் எடைக் குறைவில் பெரிய வேறுபாடு இல்லை. எனக்கு என் முறை பலித்தது என்றால், சோற்றுக்குப் பதிலாக மீனும் முட்டையும் வாங்க என்னிடம் பணம் இருந்ததுதான் காரணம். உணவங்காடியில் "சோறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மூன்று கறிகளைக் காட்ட முடிந்தது. பொட்டலம் வாங்குபவர் எதைக் காட்டுவார்?

சோற்றைக் குறைக்காமலும் உருப்படியாகச் செய்ய நிறைய இருக்கிறது. ஒரு முட்டை கூடுதலாக வையுங்கள், பருப்பைக் கெட்டியாக்குங்கள், பாக்கெட் இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள். கைக்குத்தல் அரிசி கலப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள். எங்கள் முதியவர்களில் சிலருக்குப் பல்லே இல்லை, அதைக் கலந்த அன்று பாதி திரும்பி வந்தது. பந்தியில் பரிமாறும் இடத்தில் "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

நான் இன்றும் சோறு உண்பதில்லை. ஆனால் ஞாயிறு காலை அரிசி களைந்து உலையில் போடுவது என் வேலை. பதம் பார்க்க நாலு பருக்கை வாய்க்குள் போகும். அதற்கு நான் கணக்கு எழுதுவதில்லை.