களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு: ஷிப்ட் வேலையை எடுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்றிரவு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். அம்மாவைப் பார்க்க மூன்று கிழமை லீவில் வந்து நிற்கிறேன். களுவாஞ்சிகுடியில் பிறந்து, பேராதனையில் மின் பொறியியல் முடித்து, ஐந்து மாதத்துக்கு முன் கனடாவின் ஏஜக்ஸில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். கையில் இரண்டு வேலை. ஒன்று அலுவலகத்தில் ஆவணம் பார்க்கிறது, காலை எட்டிலிருந்து நாலு வரை. மற்றது அணுமின் நிலையத்துக்குள் பராமரிப்புக் குழுவோடு பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். பொம்பிளப் பிள்ளைக்கு முதலாவதுதான் சரி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். இந்தத் துறையில் எங்கட பெண் ஒருத்தி நிர்வாகத்தின் உச்சி வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஷிப்ட் வேலையை எடுங்கள்.

நான் இருபத்து மூன்று வருடமாக ஒன்ராறியோவில் இந்த வேலையில் இருக்கிறேன். கடைசி நாலு வருடமும் வைஸ் பிரசிடென்ட். அந்த மேசையில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: அணு உலையை நிறுத்திப் பராமரிக்கும் நாட்கள், அதாவது அவுட்டேஜ். எந்த வால்வு, எந்தப் பம்ப், எத்தனை நாள், ஆருக்கு எவ்வளவு கதிர்வீச்சு. இரவு மூன்று மணிக்கு அந்த இடத்தில் நின்றிராத ஒருவர் அங்கே பேசினால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்று சொல்கிறேன், இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு அவுட்டேஜ். நிலையத்தின் பேர் வேண்டாம். கனநீர், அதாவது உலையைக் குளிரவைக்கும் ஒரு விசேட நீர், போகும் குழாயில் ஒரு வால்வைக் கழற்ற வேண்டும். என் கையில் இருந்த வேலைத்தாளில் ஒரு இலக்கம். வால்வில் தொங்கிய தகட்டில் கடைசி எண் வேறு. கண்டேன். பக்கத்தில் நின்றவர் இருபத்தைந்து வருட அனுபவக்காரர். அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் நின்றேன்.

ஏன் பேசவில்லை? நான் வளர்ந்த விதம் அது. தொண்ணூறுகளில் கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். "கேட்டா மட்டும் பதில் சொல்லு புள்ள, தலைய நிமித்தாத" என்று அம்மா ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சொல்லி அனுப்புவா. அந்தப் புத்தி அப்போது என் உயிரைக் காப்பாற்றியது. அதை அப்படியே கொண்டுபோய் ஒரு அணு உலைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

ஸ்பானர் வைக்க முன், இரண்டாவது ஆள் சரிபார்க்கும்போது பிடித்துவிட்டார். ஒரு துளி சிந்தவில்லை, ஆருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வேலை நின்றது. மனேஜர் என்னிடம் கேட்டார், நீங்கள் எப்போது கண்டீர்கள்? நாற்பது நிமிடத்துக்கு முதல் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. என் பேரிலேயே எழுதித் தரச் சொன்னார். வேலை போகிறது என்று நினைத்துக் கை நடுங்க எழுதினேன். விடிய அதைக் கூட்டத்தில் வாசித்தார்கள். அந்தத் தாள் எப்படிப் பிழையாக அச்சானது என்று தேடித் திருத்தினார்கள். அவ்வளவுதான்.

இந்தத் தொழில் அப்படி. கண்ட பிழையையும் செய்த பிழையையும் தானே எழுதிக் கொடுக்கிறவருக்குத்தான் பெரிய பொறுப்பைத் துணிந்து கொடுப்பார்கள். ஒருவர் சொன்ன கட்டளையை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்று முதலாமவர் உறுதி சொன்ன பிறகுதான் கை அசையும். முதல் ஆறு மாதம் உங்களுக்கு வெட்கமாக இருக்கும். பழகிவிடும். பிறகொரு இரவு நானே ஒரு வேலையை நிறுத்தினேன், முப்பது பேர் காத்து நின்றார்கள். காலையில் மேலிடத்திலிருந்து வந்த அழைப்பில் ஒரே கேள்வி: என்ன கண்டீர்கள்? அதற்கடுத்த அவுட்டேஜில் ஒரு பிரிவு முழுக்க என் கையில் தந்தார்கள்.

மேலே போக இரண்டு வழி. கட்டுப்பாட்டு அறை வழியென்றால் கனடிய அணுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் சான்றிதழ் வேண்டும். சிமியுலேட்டரில் வருடக்கணக்கில் பயிற்சி. மற்றது என் வழி, பொறியியல்: ஒரு தொகுதிக்குப் பொறுப்பு, பிறகு பிரிவு, அவுட்டேஜ், பணிப்பாளர். செர்னோபில் விபத்துக்குப் பிறகு, 1989ல் தொடங்கிய உலக அணுமின் நிலைய நடத்துநர் சங்கம் இருக்கிறது. ஒரு நாட்டு நிலையத்தை வேறு நாட்டவர் போய் ஆராய்வார்கள். அதற்கு ஆள் கேட்டால் கையைத் தூக்குங்கள். எனக்குக் கண் திறந்தது அங்கேதான்.

பெண்கள் குறைவு, உண்மை. என் முதல் நிர்வாகக் குழுவில் நான் மட்டுமே பெண்; குறிப்பு எழுதும் வேலை தானாக என்னிடம் வந்தது. ஒரு வருடம் எழுதினேன். எழுதுகிறவரால் பேச முடியாது என்று விளங்கியபோது, இனி முறை வைத்து எழுதுவோம் என்றேன். அன்றே மாறியது. ருமினா வெல்ஷி என்ற பொறியியலாளர், இதே ஒன்ராறியோ மின் துறையில் வேலை செய்தவர், 2018 முதல் 2023 வரை கனடிய அணுப் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கே தலைவராக இருந்தார். எங்கள் எல்லாரையும் கேள்வி கேட்கும் கதிரையில் ஒரு பெண் இருந்ததைப் பார்த்தது எனக்குப் பெரிய பலம்.

அம்மா கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறா, நாளைக்குப் பிள்ளை பெற வேண்டும் என்கிறா என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம், கணக்கைச் சொல்லுங்கள். கனடாவில் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரி 1.8 மில்லிசீவர்ட் வரும்; உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. அணுத்துறைப் பணியாளருக்குச் சட்டம் வைத்த எல்லை வருடத்துக்கு 50, ஐந்து வருடத்துக்கு 100. கர்ப்பம் என்று எழுத்தில் அறிவித்தால் மிச்சக் காலம் முழுவதற்கும் 4 மட்டும். நெஞ்சில் குத்தும் சின்ன அளவுகருவி அதை அளந்துகொண்டே இருக்கும். நான் இரண்டு பிள்ளைக்கும் அறிவித்தேன், உலைப் பக்கம் போகாத வேலைக்கு மாற்றினார்கள், பிறகு திரும்பிப் போனேன்.

எம்.பி.ஏ. பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்ராறியோவின் பி.எங்., அதாவது பொறியியலாளர் உரிமம். 2023 மே முதல் கனடிய அனுபவம் கட்டாயம் இல்லை. 48 மாத அனுபவம் காட்ட வேண்டும், அது வேறு நாட்டில் செய்ததாகவும் இருக்கலாம். நிலையத்துக்குள் போகப் பாதுகாப்புச் சோதனை உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது இழுபடும். அதனால் இலங்கைப் பொலிஸ் அறிக்கையை இப்போதே எடுக்கத் தொடங்குங்கள்.

வேலையும் குறையப்போவதில்லை. ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பாதியளவு அணுவிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள டார்லிங்டன் அணுமின் நிலையத்தின் நாலு உலைகளும் சேர்ந்து சுமார் 3,500 மெகாவாட். இலங்கை முழுவதும் உச்ச நேரத்தில் கேட்பதை விட அது கூட. குப்பி விளக்கில் படித்த எனக்கு அந்த இலக்கம் இன்னும் பழகவில்லை.

இருபத்தெட்டாம் திகதி வரை இங்கே நிற்கிறேன். உங்கள் அம்மாவின் நம்பரைத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் களுவாஞ்சிகுடிக்குப் போய், என் பிள்ளைகளின் படத்தையும் காட்டி, நானே அவவோடு கதைக்கிறேன்.