கொடைக்கு விரதமிருந்தவருக்கு வலிப்பு வந்தது ஏன்?

போதைப் பழக்கம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டை மனநல மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்க அண்ணன் சுடலைமாடசாமிக்குக் கோமரத்தாடி, அதாவது சாமி இறங்கி ஆடுறவன். பல வருசமா தினமும் குடிக்கிறவன். இந்த வருசக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டின அன்னைக்கே குடியை நிப்பாட்டிட்டான். மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்தது. கையில சாவியைக் கொடுத்தோம். மூணாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் நடுங்கி, சுவத்துல பூரான் ஓடுதுன்னு தட்டிக்கிட்டே இருந்தான். சாமி முன்கூட்டியே இறங்கிட்டுன்னு திருநீறு பூசி உக்கார வச்சோம். விடியும்போது எங்களையே அடையாளம் தெரியலை. பிறகுதான் ஆஸ்பத்திரி. இப்ப நல்லா இருக்கான். ‘நிப்பாட்டினதாலதான இப்படி ஆச்சு, கொஞ்சமா குடிச்சிக்கிடட்டும்’னு சித்தப்பா சொல்லுதாக. செய்யலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: வேண்டாம்மா. ஒரு சொட்டுகூட வேண்டாம். நிறுத்தியதால்தான் வந்தது என்று சித்தப்பா சொன்னது உண்மை. ஆனால் அதற்கு மருந்து மறுபடி குடிப்பது அல்ல.

மூளையில் நரம்புகளை அடக்கி அமைதிப்படுத்த ‘காபா’ என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. தூண்டிவிட ‘குளூட்டமேட்’. சாராயம் காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டை அமுக்குகிறது. குடித்தவருக்கு வருகிற தளர்ச்சியும் தள்ளாட்டமும் அதனால்தான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அடக்கும் ஏற்பாட்டைத் தானே குறைத்துக்கொண்டு, தூண்டும் ஏற்பாட்டைக் கூட்டிக்கொள்ளும். குடித்தால்தான் கை நடுங்காமல் நிற்கும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. அந்த நிலையில் திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால், தூண்டுதலை அடக்க ஆளில்லை. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் நடுக்கம், வேர்வை, காய்ச்சல், இல்லாதது கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் சேர்ந்து வரலாம். உங்கள் அண்ணனுக்கு வந்தது அதுதான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

பங்குனி, சித்திரையில் கொடை நேரத்திலும், கார்த்திகையில் மாலை போடும்போதும் இப்படி வருகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். எல்லாரும் நல்ல மனசோடு நிறுத்தியவர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு ஒருமுறை நிறுத்தி வலிப்பு வந்தவர் யாராக இருந்தாலும், விரதத்துக்குப் பத்து நாள் முன்பே டாக்டரிடம் வந்துவிடுங்கள். அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் பத்திரமாக இறக்கிவிடலாம். சாமிக்கு இதில் குறையொன்றும் இல்லை.

இன்னொன்று. குடிக்கிறவர் சோர்ந்து விழுந்தால் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். பல வருடம் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடக்கூடும். எங்கே சேர்த்தாலும் ‘இவர் குடிக்கிறவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அண்ணன் மறுபடி குடித்து மறுபடி நிறுத்தினால் அடுத்த தடவை இதைவிடக் கடுமையாக வரக்கூடும். குடிக்கும் ஆசையைத் தணிக்க இப்போது மாத்திரைகள் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவாராமே? ஒருவர் பொடி தருகிறார்.
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பலர் குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையையே பொடித்துக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் சாராயம் முழுசாகச் சிதையாமல் அசிட்டால்டிஹைடாகத் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோயாளி என்றால் இறந்தே போகலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கேள்வி: நான் பீடி சுத்துறவள். மகன் பதினொண்ணாம் வகுப்பு. கீழ் உதட்டுக்குள்ள புகையிலைப் பொட்டலம் வச்சுக்கிடுதான். ‘இது புகையே இல்ல, ஒண்ணும் ஆகாது’ங்கான். கேட்டா எரிஞ்சு விழுதான்.
– தாய், ஆலங்குளம் பக்கம்

பதில்: புகை இல்லையே தவிர, நிகோடின் அதேதான். உதட்டுத் தோல் வழியாக ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே பசிக்குச் சாப்பிடும்போதும், நாலு பேர் பாராட்டும்போதும் சுரக்கிற டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. திரும்பத் திரும்ப வைக்க வைக்க நிகோடினைப் பிடிக்கிற ஏற்பிகள் மூளையில் பெருகும். அவை காலியாக இருக்கும் நேரத்தில் வருவதுதான் அந்த எரிச்சல். உங்கள் மேல் உள்ள கோபம் அல்லம்மா அது. ‘பொறு, வேண்டாம்’ என்று தடுக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயது வரை ஆகும். இந்த வயதில் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

அடிக்காதீர்கள். உதட்டை இறக்கிப் பாருங்கள். வைக்கிற இடத்தில் வெள்ளையாகச் சுருங்கிய தோலோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். புற்றுநோயின் முன்படியாக இருக்கலாம். நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடும். சாராயம் மாதிரி வலிப்புப் பயம் இதில் கிடையாது, இன்றைக்கே நிறுத்தலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசினால் கூடவே இருந்து வழி சொல்வார்கள். அவனுக்குப் பொட்டலம் விற்ற கடைக்காரரிடம், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்களையும் கேட்கிறேன். சுளகை (முறத்தை) மடியில் வைத்துப் புகையிலைத் தூளை அள்ளும்போது தலைசுற்றல், குமட்டல் வருகிறதா? நிகோடின் கைத்தோல் வழியாகவும் ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்துச் சுற்றுங்கள், கைகழுவாமல் சாப்பிடாதீர்கள், கைப்பிள்ளை இருக்கும் அறையில் தூளை வைக்காதீர்கள்.

கேள்வி: தம்பி கஞ்சா அடிக்கிறான். யாரோ காதில் பேசுகிறார்கள் என்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்குமோ என்று பயம்.
– வாசகர், வள்ளியூர்

பதில்: காதில் குரல் கேட்பது அவசரம். இந்த வாரமே காட்டுங்கள். கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற போதை ரசாயனம் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளைக் கலைக்கும். சிறு வயதில் தொடங்கி அதிகம் இழுத்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பும் கூடும். போலீஸ் பயம் வேண்டாம். சிகிச்சை கேட்டு வருகிறவரை டாக்டர் போலீசில் பிடித்துக் கொடுப்பதில்லை. போதைப் பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கே வந்தால்கூட, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவருக்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை எடுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து ஒருவர் கூட வாருங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.