மலைநாட்டு வாவியில் படகு எஞ்சின் ஏன் இழுக்கவில்லை?

கேள்வி: நீர்கொழும்பில் பாவித்த 15 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின் ஒன்று வாங்கினேன். நாலு ஸ்ட்ரோக், காபரேட்டர் உள்ளது. அங்கே இரண்டு பேரோடு ஓட்டிப் பார்த்தபோது பறந்தது. நுவரெலியா கிரகரி வாவியில் எட்டுப் பேரை ஏற்றினால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்குகிறது, வேகம் வரவில்லை, கறுப்புப் புகை வருகிறது. படகு 18 அடி ஃபைபர். புரொப்பெல்லரில் 9¼ x 10 என்று அடித்திருக்கிறது. 25 குதிரைவலு எஞ்சின் வாங்கினால் சரியாகிவிடுமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் எஞ்சின் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. கடல்மட்டத்துக்குப் பொருத்தமாக அமைத்ததை மலைக்குக் கொண்டுவந்து, பாரத்தையும் நாலு மடங்காக்கியிருக்கிறீர்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும் இதனால்தான். குளிர் கொஞ்சம் கைகொடுக்கிறது, ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் எஞ்சினுக்குள் போகும் காற்று ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே 15 குதிரைவலு இங்கே ஏறக்குறைய 12½.

காற்று குறைந்தாலும், அதோடு பெற்றோலைக் கலக்கும் காபரேட்டர் பெற்றோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மிஞ்சும் பெற்றோல்தான் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்திருக்கும். காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளைதான் மெயின் ஜெட்; உயரத்துக்கேற்ற சிறிய ஜெட் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த ஜெட்டோடு எஞ்சினைத் திரும்பக் கரைக்குக் கொண்டுபோய் ஓட்டக்கூடாது. பெற்றோல் போதாமல் சூடேறி பிஸ்டன் கெட்டுவிடும். பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆனால் பெரிய பிரச்சினை புரொப்பெல்லரில்தான் இருக்கிறது. 9¼ என்பது விட்டம், 10 என்பது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு முன்னே போகுமோ அதுதான் பிட்ச். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் அதை ஏறக்குறைய பாதியாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், புரொப்பெல்லர் 2,500 சுற்று. 10 அங்குல பிட்சில் அது மணிக்கு 38 கிலோமீற்றர் போகப் பார்க்கிறது. உங்கள் படகு எட்டுப் பேரோடு 10 கிலோமீற்றர் போனால் அதிகம். மீதியெல்லாம் தண்ணீரைக் கலக்குவதில் போகிறது, எஞ்சினும் சுற்ற முடியாமல் திணறுகிறது.

அந்த 10 கிலோமீற்றர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியியலாளர் 1870களில் டோர்கீ ஊரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டி, கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து அலைத்தடையை ஆராய்ந்தார். படகு தள்ளும் அலையின் நீளம் வேகத்தோடு வளரும். அது படகின் நீளத்தை எட்டும்போது, படகு தன் அலையின் மேட்டிலேயே ஏற வேண்டியதாகிறது. அணியம் தூக்குவது அதனால்தான். தண்ணீரில் அமரும் நீளம் 5 மீற்றர் என்றால் அந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அதைத் தாண்டித் தண்ணீர்மேல் சறுக்க வேண்டுமென்றால், 20 கிலோ பாரத்துக்கு ஒரு குதிரைவலு என்பது பொதுவான கணக்கு. ஆட்கள், படகு, எஞ்சின் சேர்ந்து 850 கிலோ என்றால் 40க்கு மேல் வேண்டும். 25 வாங்கினால் இந்த உயரத்தில் 21தான் கிடைக்கும். அலையை ஏறவும் முடியாமல், பெற்றோலைக் குடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். என் கணக்கில் அதுதான் மிக மோசமான தெரிவு.

எஞ்சினைவிட புரொப்பெல்லரே முடிவு செய்யும் என்பதற்குக் கப்பல் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1894இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் பொருத்திய டர்பினியா என்ற கப்பலுக்கு ஒரே புரொப்பெல்லரால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. புரொப்பெல்லரின் இதழ்கள் வேகமாகச் சுழன்று தண்ணீரில் ஆவிக்குமிழிகளைத்தான் உண்டாக்கின. டர்பைனை மூன்றாகப் பிரித்து, மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர்கள் போட்ட பிறகே மணிக்கு 34 கடல் மைல் ஓடியது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். 8 அங்குல பிட்ச் புரொப்பெல்லர் ஒன்றை, முடிந்தால் இரவலாக வாங்கிப் போடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரைப் பொருத்தி, எட்டுப் பேரோடு முழுவதும் முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் கைநூலில் முழு வேகச் சுற்றுகளின் எல்லை போட்டிருக்கும். அதற்குக் கீழே நின்றால் பிட்சை இன்னும் குறைக்க வேண்டும், மேலே போனால் கூட்ட வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும். உயரத்தால் போன வலு திரும்பி வராது, ஆனால் இருக்கும் 12½ முழுவதும் வேலை செய்யும்.

அப்புறம், புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு, அல்லது ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்திருந்தால் மேல்காற்றை உறிஞ்சி வெறுமனே இரையும். ஆட்களைப் பின்பக்கம் குவிக்காமல் நடுவில் தாழ்வாக உட்கார வையுங்கள். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதை ஒருபோதும் விடாதீர்கள். படகு கவிழ்வது அப்படித்தான். உயிர்காப்பு அங்கி எட்டுப் பேருக்கும் வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் மாற்றத்தான் வேண்டுமென்றால், குதிரைவலுவைக் கூட்டாமல் கியர் விகிதம் கூடிய, பெரிய விட்டப் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும் 'ஹை த்ரஸ்ட்' வகையைத் தேடுங்கள். மெதுவாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்க மின்மோட்டாரும் நல்லதே. அது காற்றை நம்பி ஓடுவதில்லை, உயரத்தால் வலு குறையாது. பற்றரியின் பாரத்தை மட்டும் முதலிலேயே கணக்கில் சேர்த்து, ஆட்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறையுங்கள்.