பிடி அரிசியும் கோடி ரூபாயும்

கேள்வி: கோடி கோடியாகக் கொடுக்கும் வள்ளல்களைப் பாராட்டி இந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வருவதில்லையே, ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கோடியை விடுங்கள், பிடியிலிருந்து தொடங்குவோம். விருதுநகரில் 1889-இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலையை நடத்தியது பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்த்த அந்த அரிசிதான் பள்ளிக்குப் பணமானது. கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கித் தந்த மகமைக்காவது கணக்குப் புத்தகம் இருந்திருக்கும். அடுப்படியில் நின்று அரிசி அள்ளி வைத்த பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும்? என் வள்ளல் பட்டியலில் முதல் வரிசை அவர்களுக்குத்தான்.

அந்தப் பள்ளியில் படித்தவர் காமராஜர். குடும்ப வறுமையால் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர், முதலமைச்சரானதும் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஊரார் தந்த நன்கொடையில்தான் முதலில் உலை கொதித்தது. அரசு மானியம் பின்னால் வந்தது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அப்படித்தான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார்; மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று கொடுத்தார்கள். 'இலவசச் சோறு பிள்ளைகளைச் சோம்பேறியாக்கும்' என்று இன்றும் எனக்குக் கடிதம் எழுதும் நண்பர்களோடு என் சண்டை ஓயாது. பசித்த வயிற்றோடு வாய்ப்பாடு ஏறாது ஐயா!

கோடி கொடுத்தவரையும் சொல்கிறேன். வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், மதுரை கொடிக்குளத்தில் கோடிகள் பெறும் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். 2024-இல் அரசு அவரை அழைத்துக் கௌரவித்தது. அவர் கேட்டதெல்லாம் இறந்த மகள் ஜனனியின் பெயர் பள்ளிக்கு வேண்டும் என்பதுதான். அந்தப் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் தகும்.

எனக்கு ஆகாதது வேறு. ஐந்து நோட்டுப் புத்தகங்களை நீட்டிவிட்டு, வாங்கும் குழந்தையைத் தலைநிமிரச் சொல்லிப் படம் எடுக்கிறார்களே, அது. வறுமையை ஊருக்குக் காட்டும் உரிமையை அந்தப் பிள்ளை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட படங்கள் இந்த அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைக்கூட அச்சிட மாட்டேன்.

முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நுழைவாயில் வளைவு கட்டியது போதும். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மோட்டார் வாங்கிக் கொடுங்கள். கூடவே, அதைப் பழுதுபார்க்க ஆண்டுதோறும் கொஞ்சம் பணமும் ஒதுக்குங்கள். திண்டுக்கல் வாசகரே, நீங்கள் படித்த பள்ளியில் நிலைமை எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.