பீஸ் லில்லிக்கு எந்த ஜன்னல் ஏற்றது?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். நர்சரியில் வெள்ளைப் பூக்களுடன் வாங்கிவந்த பீஸ் லில்லித் தொட்டியை ஹாலின் மேற்கு ஜன்னலை ஒட்டி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்து, பிறகு அவை காய்ந்து பழுப்பாகிவிட்டன. பயந்துபோய் சோபாவுக்குப் பின்னால் உள்ள மூலைக்கு மாற்றினேன். இப்போது இலைகள் கரும்பச்சையாக இருந்தாலும் காம்புகள் நீண்டு ஒரு பக்கமாகச் சாய்கின்றன. ஒரு பூகூட வரவில்லை. இந்தச் செடிக்கு வெயில் வேண்டுமா, வேண்டாமா?
– வாசகி, சென்னை

பதில்: வெளிச்சம் தாராளமாக வேண்டும், வெயில் இலையின் மேல் நேராக விழக்கூடாது. பீஸ் லில்லி உண்மையில் லில்லி இனத்தைச் சேர்ந்ததன்று. சேம்பு, ஆந்தூரியம், மணிபிளான்ட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொலம்பியா, வெனிசுவேலா போன்ற நாடுகளின் மழைக்காடுகளில், உயர்ந்த மரங்களின் அடியில், இலைகளினூடே வடிந்து இறங்கும் ஒளியில் வளர்ந்து பழகியது. அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவராத இரண்டு இடங்களில் உங்கள் தொட்டி மாறி மாறி இருந்திருக்கிறது. ஜன்னலோரத்தில் மாலை வெயிலும் கண்ணாடியின் சூடும் சேர்ந்து இலையைக் கருக்கிவிட்டன. சோபாவுக்குப் பின்னாலோ, வெளிச்சத்தைத் தேடித்தான் காம்புகள் நீளுகின்றன. இலை கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்துச் செடி செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்த ஒளியில் சமாளிப்பதற்காக இலைகள் அப்படி நிறம் கூடுவதுண்டு.

வீட்டுக்குள் உள்ள வெளிச்சத்தை மதிப்பிடுவதில் நம் கண்ணை நம்ப முடியாது. நண்பகலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும்போது, ஜன்னலிலிருந்து 10 அடி தள்ளிய மூலையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். கண்ணின் பாவை விரிந்து கொடுத்துவிடுவதால், நாளிதழ் படிக்க முடிகிற அந்த மூலை நமக்கு வெளிச்சமாகவே தோன்றுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, காலை 11 மணி அளவில் இலைக்கு ஓர் அடி உயரத்தில் உங்கள் கையை விரித்துப் பிடித்து, இலையின் மேல் விழும் நிழலைப் பாருங்கள். விரல்கள் ஒவ்வொன்றும் கூர்மையான விளிம்புடன் தெரிந்தால் ஒளி அதிகம். நிழலே விழவில்லை என்றால் போதாது. கை என்று அடையாளம் தெரிகிற, ஆனால் விளிம்பு கலங்கிய மெல்லிய நிழல் விழுந்தால் அதுவே சரியான இடம். மேற்கு ஜன்னலாக இருந்தால் இதே சோதனையைப் பிற்பகல் 4 மணிக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

திசையைப் பொறுத்தவரை, தெற்கு ஜன்னல் கடுமையானது, வடக்கு ஜன்னல் இருட்டானது என்று பல தோட்டக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தா. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையின் உச்சியைக் கடந்து வடக்கே செல்லும் சூரியன், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. அதனால் மே முதல் ஜூலை வரை வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் விழும். தெற்கு ஜன்னலிலோ சன்ஷேடு இருந்தால் நேர் வெயிலே வராது. மார்கழியில் நிலைமை தலைகீழ்: நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்பதால், சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து வெயில் அறையின் தரைவரை வந்துவிடும். ஒரே ஜன்னலில் ஆண்டு முழுவதும் தொட்டியை வைத்துவிட்டு மறந்துவிடாமல், கோடையின் தொடக்கத்திலும் கார்த்திகை வாக்கிலும் வெயில் எதுவரை வருகிறது என்று பார்த்து நகர்த்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. காலையின் இளவெயில் சிறிது நேரம் பட்டாலும் பாதகமில்லை. மேற்கு ஜன்னல் மட்டும்தான் என்றால், நான்கைந்து அடி உள்ளே தள்ளி வைக்கலாம், அல்லது மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் வைக்கலாம். இலை கண்ணாடியைத் தொடக்கூடாது. மூலையில் இருந்த செடியை ஒரே நாளில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் கருகும் என்பதால், பத்து நாள்களில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பினால் சாய்வு குறையும். கருகிய திட்டுகள் மீண்டும் பச்சையாகா; பாதிக்கு மேல் காய்ந்த இலையை மட்டும் அடியோடு நறுக்கிவிடலாம். நுனி மட்டும் பழுப்பாவது பொதுவாகத் தண்ணீரில் உள்ள உப்பினாலோ வறட்சியினாலோ வருவது; அதற்காக இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

தண்ணீரையும் வெளிச்சத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மங்கலான இடத்தில் செடி குறைவாகவே நீரை உறிஞ்சும்; ஜன்னலோரத்தில் ஊற்றிய அதே அளவை அங்கேயும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

பூவுக்குச் சற்றுப் பொறுமை தேவை. நர்சரிகளுக்குச் செடி தரும் பெரிய பண்ணைகளில், விற்பனைக்கு முன் பூக்க வைப்பதற்காக ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது வழக்கம். அப்படி வந்த செடி, முதல் பூக்கள் முடிந்ததும் பல மாதங்கள் இலை மட்டுமே விடுவது இயல்பு. வெளிச்சம் சரியான இடத்தில் தொடர்ந்து இருந்தால் தானாகவே பூக்கும். வெள்ளை மடல் சில வாரங்களில் பச்சையாக மாறுவது முதிர்ச்சிதான், நோயன்று.

கேள்வி: ரெயின் லில்லியையும் பீஸ் லில்லியைப் போலவே வீட்டுக்குள் வளர்க்கலாமா? எங்கள் வீட்டு ஹாலில் உள்ள தொட்டியில் புல் போல இலை மட்டுமே வளர்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. பெயரில் லில்லி இருந்தாலும், இரண்டின் தேவையும் நேர் எதிரானவை. ரெயின் லில்லி சிறு வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. அந்தக் கிழங்கில் சத்து சேர்ந்தால்தான் பூத்தண்டு எழும், அதற்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். தொட்டியை மொட்டை மாடிக்கோ வெயில் படும் பால்கனிக்கோ மாற்றிவிடுங்கள். நல்ல மழைக்குப் பிறகு மொட்டுகள் எழுந்ததும் ஹாலுக்குக் கொண்டுவந்து பூக்களை ரசிக்கலாம். பூ வாடியவுடன் மீண்டும் வெயிலில் வைத்துவிட வேண்டும்.